காரணம் எண் பதினேழு

எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும் மேடம். பேப்பர் குடுத்தீங்கன்னா அழகா நாலு பக்கம் எழுதியே தந்திருப்பேன். நீங்க பேசச் சொல்றீங்க, பதிவு பண்ணிக்கிறேங்கிறீங்க. சரி, அப்படியே ஆகட்டும். பேச ஆரம்பிச்சா நான் கொஞ்சம் வளவளன்னு போவேன். என் பொண்ணு அடிக்கடி சொல்லுவா, "அப்பா, ஊரைச் சுத்தாம விஷயத்துக்கு வாங்க"ன்னு. நீங்களும் அப்படியே சொல்லலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த வேலையே கிடைச்சுது. எங்க கம்பெனி வேலை ரொம்பச் சின்ன வேலை. ஒருத்தரை வேலைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி மத்த கம்பெனிங்க எங்ககிட்ட அவர் பேரை அனுப்புவாங்க. இவர் சொன்ன படிப்பு உண்மையா, முன்னாடி வேலை பாத்த இடத்துல ஏதாவது தகராறா, வழக்கு கிழக்கு இருக்கான்னு நாங்க விசாரிச்சுச் சொல்லுவோம். "பரிந்துரை உண்டு", இல்லன்னா "பரிந்துரை இல்லை". அவ்வளவுதான் பதில். அப்பல்லாம் எல்லாமே அட்டை. ஒரு ஹால் முழுக்க இரும்பு அலமாரி, அதுல லட்சக்கணக்குல அட்டை, பாதி என் கையெழுத்து.

அட்டையில ஒரு தொல்லை உண்டு. ஒரே ஆளோட விலாசம் அஞ்சு அட்டையில இருக்கும். அவர் வீடு மாத்துனா மூணுல திருத்துவோம், ரெண்டுல மறந்துடுவோம். எது சரின்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவோம். ஒருதடவை ரெண்டு பேருக்கு ஒரே பேரு, ஒரே பிறந்த தேதி. ஒருத்தர் செஞ்ச கையாடல் இன்னொருத்தர் தலையில விழுந்துடுச்சு. அந்த மனுஷன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு கத்தினாரு. அதுக்கப்புறம்தான் மேனேஜர் டேட்டாபேஸ் வாங்கணும்னு முடிவு பண்ணாரு. பதினோரு வருஷம் ஆச்சு.

சொல்லிக் குடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். எங்களுக்கெல்லாம் தலை நரைச்சுப் போச்சு. எதைக் கேட்டாலும் போர்டுல நாலு கட்டம் போட்டு டேபிள் டேபிள்னு சொல்லும், அதனால டேபிள் டீச்சர்னு பேரு வச்சோம். முதல் நாளே அது சொன்னது எனக்கு இன்னிக்கும் மனப்பாடம். ஒரு தகவல் ஒரே இடத்துலதான் இருக்கணும். மத்த இடமெல்லாம் அந்த இடத்தைக் கை காட்டணும். அப்பத்தான் ஒரு இடத்துல மாத்துனா எல்லா இடத்துலயும் மாறும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

வீட்டுக்குப் போய் என் பொண்ணுகிட்ட சொன்னேன். அப்ப அவளுக்குப் பதினெட்டு. அவங்க அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகல. வீட்ல ரெண்டு பேரும் பேசிக்க ஒண்ணும் இல்லாம, ஆளுக்கு ஒரு ரூம்ல உக்காந்திருப்போம். வகுப்புல நான் எழுதின நோட்டைப் பாத்ததும் அவளுக்கு என்னமோ பிடிச்சுப் போச்சு. சாப்பாட்டு மேசையில பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஆட்களுக்கு ஒரு டேபிள், வேலைக்கு ஒரு டேபிள், விசாரணை முடிவுக்கு ஒரு டேபிள்னு கட்டம் போட்டா. நடுவுல கோடு இழுத்தா. "பேரை நம்பாதீங்கப்பா. பேரு ரெண்டு பேருக்கு இருக்கும். ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க, அந்த நம்பர் மட்டும் இன்னொருத்தருக்கு வரவே கூடாது" அப்படின்னா. நாலு நாள் கழிச்சு டேபிள் டீச்சர் அதையேதான் சொல்லிச்சு. நான் என் பொண்ணு சொன்ன பதிலையெல்லாம் வகுப்புல போய்ச் சொல்லி முதல் மார்க் வாங்கினேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. "எனக்குப் பாதிச் சம்பளம் தந்துடுங்க"ம்பா. அம்மா போனதுக்கு அப்புறம் அவ முதல்ல சிரிச்சது அந்த மேசையிலதான் மேடம்.

வகுப்பு முடிஞ்சதும் டேட்டாபேஸை என் பொறுப்புல விட்டாங்க. யாருக்கு எதைத் திறந்து பாக்க அனுமதி, யாரு திருத்தலாம், எப்ப பேக்கப் எடுக்கணும், எல்லாம் நான்தான். முன்னாடி ஒரு ஆளைப் பத்திச் சொல்ல மூணு நாள் ஆகும். இப்ப மூணு நொடி. நானூறு கம்பெனி எங்களை நம்பி ஆள் எடுக்குது. நான் கவனிச்ச ஒரு விஷயம் சொல்றேன். அட்டையில இருந்தப்ப ஆயிரம் கேள்வி கேப்பாங்க. இது ஒண்ணா ஏழா, இது யாரு கையெழுத்து, இவரை நேர்ல பாத்தது யாருன்னு. அதே விஷயம் திரையில வந்தா ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்ல.

என் பொண்ணு கம்ப்யூட்டர் படிப்புலயே சேந்தா, நல்லா படிச்சா. இருபத்திரண்டு வயசுல வேற ஊர்ல ஒரு பெரிய கம்பெனியில வேலை கிடைச்சுது. டேட்டாபேஸ் வேலைதான். மூணு சுத்துப் பரீட்சை, ரெண்டு நேர்காணல், எல்லாத்துலயும் தேறிட்டா. சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள நுழையறேன், அவ துணியெல்லாம் கட்டில்மேல அடுக்கி வச்சிருக்கா. "வெரிஃபிகேஷன் மட்டும்தாம்பா பாக்கி. அது உங்க ஆபீஸுக்குத்தான் வரும், சீக்கிரம் தள்ளி விடுங்க"ன்னா. நான் சந்தோஷம்னுதான் சொன்னேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அவங்க அம்மா செத்த அன்னிக்குக்கூட நான் அப்படி அழல.

அடுத்த நாள் காலையில அவ பேரு என் திரையில வந்துச்சு.

எங்ககிட்ட காரணங்களுக்கு ஒரு தனி டேபிள் உண்டு. ஒண்ணு, படிப்பு பொய். ரெண்டு, கையாடல். இப்படிப் பதினாறு வரைக்கும். பதினேழு காலியா இருந்துச்சு, பின்னாடி தேவைப்படும்னு விட்டு வச்சது. நான் அதுல "காரணம் வெளியிட இயலாது"ன்னு எழுதினேன். என் பொண்ணு பதிவுல பதினேழு போட்டேன். பொய்னு பாத்தா அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல மேடம். காரணத்தை என்னால வெளிய சொல்ல முடியல, அதான் உண்மை. கேட்ட கம்பெனிக்குப் "பரிந்துரை இல்லை"ன்னு மட்டும் போகும். சம்பந்தப்பட்டவங்களுக்குக் காரணம் சொல்லக் கூடாதுங்கிறது ஒப்பந்தம்.

மூணு மாசம்தான்னு நினைச்சேன். மனசைத் தேத்திக்கிட்டு எடுத்துடலாம்னு. ஆனா ஒரு தகவல் ஒரே இடத்துல இருக்கு பாருங்க, அவ அடுத்து எங்க விண்ணப்பம் போட்டாலும் அதே பதில்தான் போச்சு. நான் ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லாம போச்சு. சும்மா இருந்தாலே போதும்.

வந்த சிக்கல் வேற. மாசக் கடைசியில மேனேஜருக்கு ஒரு அறிக்கை போகும். எந்தக் காரணத்துக்கு எத்தனை பேருன்னு கணக்கு. பதினேழுக்கு நேரா ஒண்ணுன்னு நிக்குது. அவர் அதுல விரலை வச்சு, "இந்த ஒத்தை ஆள் யாருய்யா?"ன்னாரு. பழைய பாக்கி, பாத்துச் சொல்றேன்னு சமாளிச்சேன். அடுத்த மாசமும் ஒண்ணுன்னே இருந்தா பேரைத் திறந்து பாத்துடுவாரு. தனி மரம் தோப்பாகாதுன்னு சொல்லுவாங்க. அதனால நான் தோப்பு வச்சேன்.

நீங்க குறிப்பெடுக்கிறதை நிறுத்திட்டீங்க. மெதுவாவே சொல்றேன். மத்தவங்களுக்கும் பதினேழு போட்டேன். ஏழு வருஷத்துல அறுபத்தோரு பேரு. எல்லாரும் ஒழுங்கான ஆளுங்க, ஒரு தப்பும் இல்லாதவங்க. யார்மேலயும் எனக்கு விரோதம் கிடையாது. பாரபட்சம் வந்துடக் கூடாதுன்னு ஒரு முறை வச்சிருந்தேன். வரிசையில ஒவ்வொரு எழுநூறாவது ஆள். ஆணா பொண்ணா, என்ன படிப்பு, எதையும் பாக்க மாட்டேன். ஒருதடவை மட்டும் எழுநூறாவது பேரு எங்க ஆபீஸ் வாட்ச்மேனோட தம்பியா போச்சு. தினமும் காலையில கதவைத் திறந்து விட்டு, பொண்ணுக்கு வேலை எதுவும் அமைஞ்சுதா சார்னு அக்கறையா விசாரிக்கிற மனுஷன். மனசு கேக்கல. அதனால அதுக்கு அடுத்த ஆளுக்குப் போட்டேன். எழுநூத்தி ஒண்ணாவது ஆள். அவர் ஒரு வெல்டர். கப்பல் கட்டுற இடத்துல வேலைக்குப் போக இருந்தவர்.

டேட்டாபேஸ்ல யாரு எப்ப எதை மாத்துனாங்கன்னு தன்னாலயே குறிப்பு ஏறும். அதையும் வருஷத்துக்கு ஒருதடவை, கணக்கு முடிஞ்சதும் துடைச்சு விட்டுடுவேன்.

என் பொண்ணு நாப்பத்தி மூணு இடத்துக்கு விண்ணப்பம் போட்டா. நாப்பத்தி மூணுலயும் கடைசிப் படி வரைக்கும் போய்த் திரும்பினா. வெரிஃபிகேஷன்ல ஏதாவதாப்பான்னு ஒருதடவை கேட்டா, நம்ம பக்கம் எல்லாம் சரியாப் போச்சும்மான்னுட்டேன். முதல்ல கோபப்பட்டா. அப்புறம் கோபம் போயிடுச்சு. ஒருநாள் என்கிட்ட வந்து, "அப்பா, என்கிட்ட ஏதாவது நாத்தம் வருதா? உண்மையைச் சொல்லுங்க"ன்னா. இன்னொரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாப் பேசிப் பாத்துக்கிட்டு இருந்தா. குரல்ல ஏதோ குறை இருக்குன்னு அவளாவே முடிவு பண்ணியிருக்கா. நான் அவ தலையைத் தடவி, "அவங்களுக்குக் குடுத்து வைக்கலம்மா"ன்னு சொன்னேன். அவளைத் தேத்துறதுல மட்டும் ஒருநாளும் நான் குறை வச்சதில்ல. சோறு நானே போட்டுக் குடுப்பேன். என் தோள்ல சாஞ்சு அழுவா. எனக்கும் நெஞ்சு வெடிக்கும். ஆனா ஒண்ணு, அவ அழறதுக்கு என் தோள் பக்கத்துல இருந்துச்சு.

போன வருஷம் எங்க மேனேஜரே சொன்னாரு. "நம்ம வீட்டுப் புள்ளய்யா, வெளிய அலையறதுக்கு இங்கயே வரட்டும்." தற்காலிக ஆளுங்களை நாங்க வெரிஃபை பண்றதில்ல. ஊரெல்லாம் விசாரிக்கிற கம்பெனி, தன் வீட்ல விசாரிக்காது. அவ என் பக்கத்து நாற்காலிக்கு வந்தா. ஒரே பஸ்ல போவோம், ஒரே டப்பாவுல சாப்பாடு, சாயங்காலம் ஒண்ணாவே திரும்புவோம். அந்த எட்டு மாசம் என் ஆயுசுலயே நல்ல காலம் மேடம். பொய் சொல்லல.

அவளுக்கு வேலை சொல்லிக் குடுத்ததும் நான்தான். பேக்கப் எடுத்து அலமாரியில பூட்டி வச்சா போதாது, அதைத் திருப்பி ஏத்திப் பாக்கணும், திருப்பிப் பாக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்னு சொன்னேன். அதைச் சொல்ற நான் பதினோரு வருஷத்துல ஒருதடவைகூட ஏத்திப் பாத்ததில்ல. எங்க தொழில்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான். அவ தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா.

மதிய நேரத்துல ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு சாப்பிடப் போகும், என் பொண்ணு அங்க போய் உக்காருவா. அப்படி ஒருநாள் உக்காந்திருந்தப்ப ஒரு அம்மா வந்திருக்காங்க. வெல்டரோட சம்சாரம். கப்பல் வேலை கிடைக்காததால அவர் ஒரு சின்ன கான்ட்ராக்டர்கிட்ட போயிருக்காரு. ஆளைப் பத்தி எதுவும் விசாரிக்காத இடம். இடுப்புக்கு ஒரு கயிறுகூடக் குடுக்காத இடம். நாலாவது மாடியில இருந்து விழுந்துட்டாரு. செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நான் உள் ரூம்ல இருந்தேன், கதவு திறந்துதான் இருந்துச்சு. அந்தம்மா சத்தமே போடல.

"நான் காசு கேட்டு வரலம்மா. அவர் என்ன தப்பு பண்ணாருன்னு மட்டும் சொல்லுங்க. கடைசி நேரத்துல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா ஏதோ பண்ணியிருப்பாருன்னுதான எல்லாரும் பேசுவாங்க. நானும் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுட்டேன், எங்கயாவது கை வச்சியாய்யான்னு. அவர் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அப்புறம் ஒரு வாரத்துல விழுந்துட்டாரு."

என் பொண்ணு அவங்களுக்குத் தண்ணி குடுத்து, நம்பரை எழுதி வாங்கிக்கிட்டு, பாத்துச் சொல்றேன்னு அனுப்பி வச்சா. திரும்பி வந்து, அவர் பதிவைத் திறந்து பாத்துட்டு என்கிட்ட, "அப்பா, பதினேழுன்னா என்ன?"ன்னா.

"ஏதோ சட்டச் சிக்கல்மா. பழசு."

"சட்டச் சிக்கல்னா ஃபைல்ல ஒரு கடிதமாவது இருக்கணுமே. இவருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே."

"விட்டுடும்மா. நமக்கெதுக்கு?"

அவ விடல. அவங்க அம்மா மாதிரி, ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டா. இப்ப ஓடுற டேட்டாபேஸ்ல குறிப்பு இல்லன்னதும் அலமாரியைத் திறந்து, பழைய வருஷத்துப் பேக்கப்பையெல்லாம் ஒவ்வொண்ணா டெஸ்ட் மெஷின்ல ஏத்தியிருக்கா. நான் துடைச்சதெல்லாம் பேக்கப் எடுத்ததுக்கு அப்புறம். பேக்கப்ல எல்லாம் அப்படியே இருக்கும்னு எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். ஆனா அதை ஒருத்தர் திறப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. யானைக்கும் அடி சறுக்கும்.

நாலாவது நாள் மத்தியானம் சின்ன மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டா. மேசையில ரெண்டு தாள். அறுபத்திரண்டு வரி. தேதி வாரியா அடுக்கியிருந்தா. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில மாத்தினவர் பேரு. எல்லாம் என் பேரு.

"இதுல நான்தாம்பா முதல்ல இருக்கேன்."

"ஆமாம்மா."

"மத்தவங்க எல்லாம் எதுக்கு?"

மறைக்கணும்னு எனக்குத் தோணல. அவகிட்ட மறைச்சு மறைச்சு எனக்கும் அலுத்துப் போச்சு. "உன் பேரு தனியாத் தெரியக் கூடாதுன்னு"ன்னேன்.

அவ நாற்காலியில உக்காந்தா. அந்தம்மாவோட வீட்டுக்காரர் முப்பத்தெட்டாவது வரி. அதுமேல விரலை வச்சுக்கிட்டே பேசினா.

"ஏழு வருஷம் என்கிட்ட என்ன குறைன்னு தேடினேன்ப்பா. நீங்க பக்கத்துல நின்னு தலையைத் தடவிக் குடுத்தீங்க."

அவ நிமிந்து என்னைப் பாத்தா.

"ஒருநாள்கூட உங்களுக்கு உறுத்தலையா?"

"தினமும் உறுத்துச்சும்மா. இன்னிக்கு எடுத்துடணும், இன்னிக்கு எடுத்துடணும்னு நினைச்சுக்கிட்டேதான் வீட்டுக்கு வருவேன். வாசல்ல உன் செருப்பு கிடக்கும். உள்ள லைட் எரியும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுடுவேன்."

அவ அழுதா. நானும் அழுதேன். கையை நீட்டி அவ தோளைத் தொடப் போனேன். அவ சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டா மேடம். ஒரு அந்நிய ஆம்பளைக்குப் பயந்த மாதிரி. நான் தூக்கிச் சுமந்த புள்ள.

அன்னிக்குப் போனவ வீட்டுக்கு வரல. பதினோரு நாள் ஆச்சு. புகார் குடுத்தது யாருன்னு நீங்க சொல்ல வேண்டாம். நீங்க படிச்சுக் காட்டினப்பவே தெரிஞ்சுது. அவ்வளவு கோர்வையா, தேதி தப்பாம, ஒரு தகவலை ரெண்டு இடத்துல திருப்பிச் சொல்லாம எழுத அவளால மட்டும்தான் முடியும். பெருமையாத்தான் இருந்துச்சு. வெல்டர் சம்சாரத்துகிட்ட அவளே நேர்ல போய்ச் சொல்லியிருக்கான்னு கேள்விப்பட்டேன். அதை நான்தான் செஞ்சிருக்கணும். அவளுக்கு அந்தப் பாரம் எதுக்கு.

எல்லாத்தையும் ஒத்துக்கறேன். அறுபத்திரண்டு பதிவையும் மாத்தினது நான். குறிப்பைத் துடைச்சது நான். வேற யாருக்கும் தெரியாது, மேனேஜர் பாவம், அவரை விட்டுடுங்க. அந்த வெல்டர் செத்ததுக்கும் நான்தான் காரணம்னு எழுதிக்குங்க, ஆட்சேபணை இல்ல. அறுபது பேரு இன்னும் உயிரோட இருக்காங்க, அவங்க எங்கெங்க என்ன வேலைக்குப் போய்ச் சேந்தாங்களோ தெரியாது. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க, அதுக்காக ஊரான் வீட்டுப் புள்ளைங்க என்ன பண்ணுவாங்க. தண்டனை எதுவா இருந்தாலும் வாங்கிக்கறேன்.

எங்க கையெழுத்துப் போடணும்? இங்கயா? சரி.

ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். அந்த அறுபத்தோரு பேரோட பதிவை இன்னிக்கே சரி பண்ணச் சொல்லுங்க, செத்துப் போனவர் பேரையும் சேத்து. எப்படிப் பண்றதுன்னு நானே எழுதித் தரேன், ரெண்டே வரிதான். என் பொண்ணு பதிவை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரு ஆறு மாசம் போகட்டும். வெளிய எங்கயும் வேலை கிடைக்கலன்னா, பாவம், அவ வேற எங்க போவா, வீட்டுக்குத்தான வருவா.